அளவுக்கு மேல் எண்ணெய்

பழைய வண்டி வாங்கப் போகிறவன் கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது காதுக்காரரின் கட்சி. கண் இருக்கிறதே, அது பாலிஷுக்கு மயங்கும், புது சீட் உறைக்கு மயங்கும், கண்ணாடியில் தொங்குகிற வாசனை அட்டைக்குக்கூட மயங்கும். காது அப்படியில்லை. பதினேழு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிற அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஹோட்டல் வாசலில் வரிசையில் நிற்கும்போது, பின்னால் வந்து நிற்கிற வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூணாவது இன்ஜெக்டர் தட்டுது, போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் மூன்றாவதுதான் தட்டிக்கொண்டிருக்கும். பெற்ற தாய்க்குக்கூடப் பிள்ளையின் இருமலில் இவ்வளவு விவரம் தெரியாது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள், காதால் கேட்டதை வாயால் சொல்லாமல் விட்டார். நடந்த தப்பு இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்த புகை.

அவருடைய தங்கை கணவன், அதாவது மாப்பிள்ளை, ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு வருடம் இயந்திரம் ஓட்டியவன். அச்சகத்தை மூடிவிட்டார்கள். கையில் கொடுத்தனுப்பிய தொகையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் வேலை தேடினான், கிடைக்கவில்லை. கடைசியில், "நானும் உங்களை மாதிரி வாடகைக் கார் ஓட்டறேனே மச்சான்" என்று வந்து நின்றான். நல்ல பையன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ரகம். அப்படிப்பட்டவர்களிடம் ஒரு கஷ்டம் உண்டு. அவர்களை ஏமாற்ற நாம் சிரமப்பட வேண்டியதே இல்லை, சும்மா இருந்தாலே போதும்.

உரிமம் எடுத்தாயிற்று. இனி வண்டி. ஹோட்டல், ஆஸ்பத்திரி, கம்பெனி சவாரிகளுக்கு உயர்தரக் கார் கேட்பார்கள். நாலு கதவு இருக்க வேண்டும், கறுப்பு நிறம் இருக்க வேண்டும், இரண்டு பெரிய பெட்டி டிக்கியில் படுக்க வேண்டும். புதிதாக வாங்க எவனுக்குக் கட்டுப்படியாகும்? ஆக, பழைய டீசல் வண்டிதான்.

"எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "சக்கரம் நாலு இருக்கான்னு வேணா எண்ணிச் சொல்றேன். மத்ததெல்லாம் நீங்கதான்."

"வா, பாத்துக்கலாம்," என்றார் காதுக்காரர். அந்த நிமிடம்வரை அவர் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. இதை அவருக்காகச் சொல்லியே ஆக வேண்டும்.

மாப்பிள்ளை முன் சீட்டில் ஏறிக்கொண்டான். அது அவர் வைத்த சட்டம். கல்யாணமான புதிதில் அவன் மரியாதைக்காகப் பின்கதவைத் திறக்கப் போனபோது, கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்கார வைத்தார். "பின்னாடி உக்காந்தா சவாரி, முன்னாடி உக்காந்தா சொந்தம். நீ எனக்குச் சவாரியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் வண்டியில் அவன் பின்னால் ஏறியதே இல்லை. ஊரில் எத்தனையோ பேர் அவர் வண்டியில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

வண்டி விற்கிற மைதானம் ஊருக்கு வெளியே, டயர் கிடங்குக்கு அடுத்தாற்போல் இருந்தது. தகரக் கூரை, சரளைத் தரை, ஓரத்தில் கண்ணாடி அறை. வியாபாரி நாற்காலியை விட்டு எழாத ஆள். சாவிகளை மேசைமேல் வைத்து, "ரெண்டு இருக்கு, ரெண்டும் ஒரே மாடல், ஒரே வயசு, நாலு வருஷம். விலையும் ஏறக்குறைய ஒண்ணுதான். பாத்துட்டு வாங்க" என்றார்.

இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போலப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஆனால் ஒன்று ராஜா வீட்டில் வளர்ந்தது, இன்னொன்று உழைத்துத் தேய்ந்தது. முதல் வண்டி பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. சீட் தோலில் ஒரு சுருக்கம் இல்லை. காலடி விரிப்பில் கம்பெனி மடிப்புகூடக் கலையவில்லை. அடுத்தது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். ஸ்டீயரிங் தோல் கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகியிருந்தது. ஓட்டுநர் சீட்டின் கதவுப்பக்க விளிம்பு நசுங்கிப்போயிருந்தது. முன்பக்கம் முழுக்கக் கல் தெறித்த புள்ளிகள்.

"இது பல் டாக்டர் வெச்சிருந்தது," என்று உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தார் வியாபாரி. "வீட்லேர்ந்து கிளினிக், கிளினிக்லேர்ந்து வீடு. மொத்தம் நாலு தெரு. அது ஒரு கம்பெனி விற்பனைக்காரர் ஓட்டினது. ஊர் ஊரா ஹைவேயிலயே கிடப்பார் மனுஷன்."

மாப்பிள்ளையின் முகம் முதல் வண்டியின் கதவில் பளிச்சென்று தெரிந்தது. அவன் அதிலேயே தலையைச் சரிசெய்துகொண்டான்.

டீசல் வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் வயிற்றில் புகையை வடிகட்டுகிற சல்லடை ஒன்று இருக்கிறது. வெளியே போகிற கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி அரைமணி நேரம் விடாமல் நல்ல வேகத்தில் ஓடினால் அந்தச் சூட்டில் கரியெல்லாம் எரிந்து, சல்லடை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நாலு தெரு மட்டும் ஓடுகிற வண்டிக்கு அந்தச் சூடு எங்கே ஏறும்? கரியை எரிக்கலாம் என்று அது டீசலைக் கூடுதலாக விட ஆரம்பிக்கும்போது டாக்டர் கிளினிக் வாசலில் இறங்கிவிடுவார். எரியாத டீசல் கசிந்து எஞ்சின் எண்ணெயோடு போய்ச் சேரும். மற்ற வண்டிகளில் எண்ணெய் குறைந்தால் நோய். இந்த மாதிரி வண்டியில் எண்ணெய் கூடினால் நோய். குறைவாக ஓடிய டீசல் உழைக்காத உடம்பு மாதிரி. பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே எல்லாம் அடைத்திருக்கும். இது தெரிந்தவர்கள் கிலோமீட்டர் கூடுதலாக ஓடிய நெடுஞ்சாலை வண்டியைத்தான் எடுப்பார்கள். தெரியாதவர்கள் மீட்டரைப் பார்த்து மயங்குவார்கள்.

காதுக்காரர் முதலில் டாக்டர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, குளிர்விக்கிற விசிறி பேய்போலச் சுற்ற ஆரம்பித்தது. எஞ்சின் வேகம் சற்றே ஏறி நின்றது. அவர் தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான், சல்லடை அடைத்துக்கொண்டு கரியை எரிக்கத் தவிக்கிறது என்று தெரிந்துவிட்டது. பிறகு அடுத்த வண்டியைப் போட்டார். அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல? இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருந்த எஞ்சின், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற பிள்ளையின் மூச்சுபோலச் சீராக ஓடியது. உள்ளே ஒரு கோப்பு. ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் ரசீது, தேதி, கையெழுத்து. இப்படி ஒரு வண்டி பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் விலைக்கு வரும்.

அப்போதுதான் அவருக்குத் தன் வண்டியின் நினைவு வந்தது.

அவருடைய வண்டிக்கு எட்டு வயது முடிய இரண்டு மாதம் இருந்தது. எட்டைத் தாண்டிய வண்டியை வாடகைக்கு ஓட்ட உரிம அலுவலகம் ஒப்புக்கொள்ளாது. அறிவிப்புக் கடிதம் வந்து மூன்று வாரமாக வண்டியின் டாஷ்போர்டு அறையில் மடித்துக் கிடந்தது. மாப்பிள்ளைக்கு வேலை போய்க் கிடக்கிற நேரத்தில் நம் பாட்டை எதற்கு அவிழ்ப்பது என்று வீட்டில்கூட அவர் சொல்லவில்லை. அவரும் வேறு வண்டி தேட வேண்டும். தேடிக்கொண்டேதான் இருந்தார். அவர் தேடிய வண்டி இதோ எதிரில் நின்று மூச்சுவிடுகிறது.

மாப்பிள்ளை இதற்குள் டாக்டர் வண்டியின் மூடியைத் திறந்து, எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேயோ படித்துவிட்டு வந்திருப்பான்போல. முகமெல்லாம் மலர்ச்சி.

"இங்க பாருங்க மச்சான், எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நிக்குது. எவ்வளவு நல்லாப் பராமரிச்சிருக்காங்க."

கம்பியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். டீசல் வாடை பளிச்சென்று அடித்தது.

"ம்," என்றார் காதுக்காரர்.

பின்னாளில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது அந்த 'ம்'தான். ஒரே ஓர் எழுத்து. அதை உண்மை என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

"எதை எடுக்கலாம் மச்சான்? நீங்க சொல்லுங்க."

சொல்லலாம். 'இது வேண்டாம், அதை எடு' என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொன்னால் மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் அதை எடுப்பான். அப்புறம் தனக்கு? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று ஒரு பழமொழி எங்கிருந்தோ ஓடிவந்து அவருக்கு வக்காலத்து வாங்கியது. நமக்கு வேண்டிய நேரத்தில் பழமொழிக்குப் பஞ்சமே வருவதில்லை.

"ஓட்டப்போறது நீ," என்றார். "மனசுக்கு எது பிடிக்குதோ அதை எடு."

"பிடிக்கிறது இதுதான். ஆனா நீங்க சரின்னு சொன்னாத்தான்."

காதுக்காரர் தலையை ஆட்டினார். அதுவும் மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று பார்த்தவன் சொல்ல முடியாதபடி ஆட்டினார்.

மாப்பிள்ளை டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டான். காதுக்காரர் மறுநாளே போய் மற்ற வண்டியை எடுத்திருப்பார். நான்கு நாள் பொறுத்தார். மரியாதைக்காகப் பொறுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள், திருடனுக்கும் சில மரியாதைகள் உண்டு. வியாபாரி சாவியைக் கொடுக்கும்போது அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

தேய்ந்த வண்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றதும், மாப்பிள்ளை என்ன சொல்லப்போகிறானோ என்று அவர் இறங்காமலே உட்கார்ந்திருந்தார். பாதி தயாராகவும் இருந்தார். கேட்டால் சொல்லிவிடுவது என்றுகூட ஒரு நினைப்பு. அவன் வந்தான், வண்டியைச் சுற்றிப் பார்த்தான், கல் தெறித்த புள்ளிகளைத் தடவினான். டாஷ்போர்டு அறையிலிருந்த அறிவிப்புக் கடிதத்தைப் பற்றி அவர் இப்போதுதான் அவனிடம் சொன்னார். அவன் கண் கலங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. இலைபோட்டுப் பரிமாறாத குறையாக உபசாரம். தங்கை பரிமாறிக்கொண்டே தன் அண்ணியிடம் சொன்னாள்: "பாத்தீங்களா அண்ணி, அண்ணன் பண்ணின வேலையை? அவருக்கே வண்டி வேண்டியிருந்திருக்கு. ஒரு வார்த்தை வெளிய விடலை. புதுசு மாதிரி இருக்கிறதை எங்களுக்கு விட்டுட்டு, ஓடித் தேஞ்சதை அவர் எடுத்துக்கிட்டார். இந்தக் காலத்துல யார் செய்வா?"

"மச்சான் மனசு யாருக்கு வரும்," என்றான் மாப்பிள்ளை.

காதுக்காரர் தண்ணீர் குடித்தார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார், அடித்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். புகழ்கிறார்களே, இதை என்ன செய்வது? "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றார். அதையும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்: "நிஜமாச் சொல்லுங்க. ரெண்டுல எது நல்ல வண்டி?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இதுல சத்தமே வரலையே."

அவர் ரேடியோவைத் திருகினார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இருபது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குக் கேட்காமல் விடத் தெரியும். அவள் கேட்டிருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது.

இரண்டு மாதம் ஓடியது. காதுக்காரருக்கு விமான நிலையச் சவாரி, பக்கத்து ஊர்ச் சவாரி என்று நீண்ட ஓட்டம். வண்டி வெண்ணெய்போல் போயிற்று. அந்தச் சுகமே அவருக்கு வேதனையாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு எஞ்சின் எவ்வளவுக்கெவ்வளவு அமைதியாக ஓடியதோ, அவ்வளவுக்கவ்வளவு நெஞ்சு குறுகுறுத்தது. மாப்பிள்ளைக்கோ ஓர் ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் கிடைத்திருந்தது. சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று நாள் வருகிற நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து திரும்ப விட வேண்டும். நிரந்தர வேலை, நேரத்துக்கு வேலை. எல்லாம் நான்கு தெரு, ஐந்து தெரு ஓட்டம். பல் டாக்டர் விட்ட இடத்திலிருந்து அவன் தொடர்ந்தான்.

ஒரு ஞாயிறு காலை, "உன் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பாக்கறேன்" என்று காதுக்காரர் போனார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவர், மீட்டர் பலகையில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். வேகம் காட்டுகிற முள்ளுக்குக் கீழே, ஓர் ஓரமாக.

"பாப்பா ஒட்டினது," என்றான் மாப்பிள்ளை அவசரமாக.

அவர் நகத்தால் அதை உரித்தார். அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சல்லடை அடைத்தால் எரிகிற விளக்கு.

மாப்பிள்ளை சொன்னான்: "மூணு வாரமா எரியுது மச்சான். பாப்பாகிட்ட ஸ்டிக்கர் வாங்கி நான்தான் ஒட்டினேன். நீங்க எனக்காகப் பாத்துப் பாத்து எடுத்துக் கொடுத்த வண்டி. லைட் எரியுதுன்னு தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படும். ஏற்கெனவே நல்லதை எனக்கு விட்டுட்டு நீங்க அதை வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படறீங்க."

காதுக்காரருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும்போல் இருந்தது. இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார். "ஹைவேயில ஒரு ரவுண்டு போனா சரியாயிடும்" என்ற வார்த்தைகள்தான் வந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கியவன் பாதியில் எப்படி நிறுத்துவான்?

முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் விரட்டினார். விளக்கு அணைந்தது.

"உங்க கை பட்டாப் போதும் மச்சான்," என்றான் மாப்பிள்ளை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் அவர் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றார். தன் தூக்கத்தை விட்டு, தன் டீசலைப் போட்டு, அடுத்தவன் வண்டியின் கரியை எரித்துக்கொண்டு வந்தார். பிராயச்சித்தம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் பிராயச்சித்தம் செய்கிறவனுக்கு வாசலில் காபி தம்ளரோடு ஒருத்தி நன்றி சொல்லக் காத்திருப்பதில்லை. தங்கை காத்திருந்தாள். அந்தக் காபியை அவர் ஒரு வாரமும் முழுதாகக் குடிக்கவில்லை. விளக்கு முதலில் பத்து நாளைக்கு ஒரு முறை திரும்பி வந்தது, அப்புறம் ஐந்து நாளுக்கு, அப்புறம் இரண்டு நாளுக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"மச்சான், மேம்பாலத்துல நிக்கறேன்." மாப்பிள்ளைதான் பேசினான். "சிவப்பு லைட் வந்துடுச்சு. எவ்வளவு மிதிச்சாலும் மாடு மாதிரிதான் நகருது. பின்னாடி அம்மா ஒருத்தங்க, பத்தரைக்கு மிஷின்ல படுக்கணும் அவங்க."

காதுக்காரர் பறந்து போனார். நோயாளி அம்மாளைத் தன் வண்டியில் மாற்றி ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கும்போது பதினொன்றாகிவிட்டது. அம்மாளுக்கு ஒதுக்கியிருந்த மிஷினில் வேறொருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் மூன்று மணி நேரம் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் இருந்தது. ஒரு கோபமும் இல்லாமல், "பாவம், அந்தப் புள்ளை என்ன பண்ணும், வண்டி படுத்துடுச்சு" என்றார். நோயாளி வண்டிகளைக் கவனிக்கிற ஆஸ்பத்திரி அதிகாரி அப்படி விடவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் ஒப்பந்தம் கிடையாது என்று மாப்பிள்ளையிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டார்கள். ஸ்டாண்டு ஆட்கள் எல்லோரும் வருகிற பட்டறைதான். மெக்கானிக் காதுக்காரரைப் பார்த்து, "வாங்கண்ணே" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினான். சின்னக் கருவியை மாட்டி எண்களைப் படித்தான். எண்ணெய்க் கம்பியை இழுத்தான், முகர்ந்தான், முகத்தைச் சுளித்தான்.

"முடிஞ்சுபோச்சு," என்றான். "இனி எரிச்சும் பிரயோஜனமில்லை, ஃபில்டரையே மாத்தணும். எண்ணெய் தண்ணி மாதிரி ஆயிருக்கு. டர்போவும் போயிருக்கும், கழட்டினாத்தான் தெரியும். வண்டி வாங்கின விலையில கால்வாசி தயார் பண்ணிக்கங்க." கம்பியைத் துணியில் துடைத்தபடி மாப்பிள்ளையைப் பார்த்தான். "இது இன்னிக்கி நேத்து வந்த வியாதி இல்லீங்க. வாங்கும்போதே இருந்திருக்கும். ஒருத்தர்கூடவா பாக்கலை? டீசல் தெரிஞ்சவன் எவனும் இதைத் தொட்டிருக்க மாட்டானே."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"பாக்காம எடுக்கலைங்க. எங்க மச்சான் வந்து பாத்தார். அவர் பாத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சின்னச் சின்ன சவாரியா ஓட்டிக் கெடுத்துட்டேன். தப்பு என்னோடது."

"அண்ணன் பாத்தாரா?" என்றான் மெக்கானிக்.

அவன் காதுக்காரரைப் பார்த்தான். காதுக்காரர் அவனைப் பார்க்கவில்லை. மெக்கானிக் கம்பியை மெதுவாக அதன் துளையில் செருகினான், ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பட்டறையின் அடுத்த மூலைக்குப் போய்விட்டான்.

"மாப்பிள்ளை," என்றார் காதுக்காரர். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வண்டி சரியில்லைன்னு தெரியும்."

"எப்போ?"

"அன்னிக்கே. ஸ்டார்ட் பண்ணினதும் தெரிஞ்சுபோச்சு. நீ கம்பியை நீட்டினே பாரு, டீசல் நாத்தம் அடிச்சுது. மத்ததுதான் நல்ல வண்டி. என் வண்டிக்கு வயசு முடியப்போகுது, எனக்கு அது வேண்டியிருந்துச்சு. அதனால சொல்லலை."

சொல்லி முடித்ததும் லேசாகிவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். ஒன்றும் லேசாகவில்லை. இத்தனை நாள் அவர் ஒருவர் தூக்கியதை இப்போது இன்னொருவன் தலையிலும் ஏற்றியதுதான் மிச்சம்.

மாப்பிள்ளை கத்தவில்லை. பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தான்.

"அப்போ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தது?"

"அதனாலதான்."

"அவ காபி போட்டுக்கிட்டு நிப்பாளே மச்சான், உங்களுக்காக."

காதுக்காரர் சட்டைப் பையிலிருந்து தன் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். "இதை நீ வெச்சுக்கோ. இனி இது உன் வண்டி. பேப்பரெல்லாம் நாளைக்கே மாத்திடலாம். இந்த வண்டியை நான் பாத்துக்கறேன், செலவு என்னோடது. ஆஸ்பத்திரி வேலையை விட்டுடாதே."

மாப்பிள்ளை சாவியைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். வாங்கிக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான். "அன்னிக்கே, இது நல்ல வண்டி, எனக்கு வேணும்டான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா நான் குடுத்திருப்பேன். நான் இன்னும் ரெண்டு மாசம் தேடியிருப்பேன், அவ்வளவுதானே."

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கொடுத்திருப்பான். அது காதுக்காரருக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். எஞ்சினுக்குள் இருப்பதையெல்லாம் கேட்கிற காதுக்கு, பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவனின் மனசு கேட்கவில்லை.

"வாங்க, வீட்டுல விட்டுடறேன்," என்றான் மாப்பிள்ளை.

அவன் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தான். நசுங்கிய சீட் விளிம்பு அவன் உடம்புக்குப் பழகவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். சாவியைத் திருகியதும் அந்தச் சீரான மூச்சு எழுந்தது. அவன் தலையைச் சாய்த்து அதைக் கேட்டான். முதல் முறையாகக் கேட்டான்.

காதுக்காரர் முன்கதவின் கைப்பிடிவரை கையைக் கொண்டுபோனார். ஏனோ திறக்க வரவில்லை. இரண்டு எட்டு பின்னால் வைத்து, பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். தன் வண்டியின் பின் சீட்டில் அவர் உட்காருவது இதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவனின் பின்மண்டையும், கண்ணாடியில் இரண்டு கண்களும்தான் தெரியும் என்பது அவருக்கு இத்தனை வருடம் தெரியாது.

மாப்பிள்ளை கண்ணாடியில் அவரைப் பார்த்தான். முன்னாடி வாங்க மச்சான் என்று சொல்வான் என்று காதுக்காரர் காத்திருந்தார். சொன்னால் உடனே இறங்குவதற்குத் தோதாக ஒரு கையைக் கதவிலேயே வைத்திருந்தார்.

"பெல்ட் போட்டுக்கங்க," என்றான் மாப்பிள்ளை, வண்டியை ரோட்டுக்குத் திருப்பினான்.